நான்கு 8 டிபி டிஸ்க், ரெய்டு 5: தனியாக பேக்கப் வேண்டுமா?

4.5.2025, தேவகோட்டை

நேராகக் கேட்டுவிடுகிறேன். 8 டெராபைட் ஹார்ட் டிஸ்க் நான்கு வாங்கப் போகிறோம். ரெய்டு 5 என்ற முறையில் நான்கையும் ஒரே அணியாக இணைத்தால் 24 டிபி இடம் கிடைக்கும், ஒரு டிஸ்க் செத்தாலும் டேட்டா போகாது. அதனால் தனியாக பேக்கப் எடுக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். சரிதானா?

உள்ளே போகப்போகிறவை: மினிடிவி கேசட் 160, இரண்டு மணி நேர விஎச்எஸ் கேசட் 60, பர்மா, மலாயா காலத்திலிருந்து சேர்ந்த போட்டோ 10,000 அளவில், கல்யாணமும் சாந்தியுமாக 5 விசேஷங்களின் 4கே வீடியோ (மொத்தம் 30 மணி நேரம்), சினிமா 3 டிபி. பெட்டி (டிஸ்க்குகள் இருக்கும் கம்ப்யூட்டர்) வீட்டின் உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் இருக்கும், டிவி வாசல் பக்க முகப்பில். பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான வீடு, விசேஷத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டும்.

4.5.2025 இரவு, காரைக்குடி

தம்பி, இல்லை. ரெய்டு காப்பாற்றுவது ஒன்றே ஒன்றிலிருந்துதான்: டிஸ்க் தானாகச் சாவது. கை தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் அந்த நொடியிலேயே நான்கு டிஸ்க்கிலும் அழியும். இடி விழுந்து பவர் சப்ளை பொசுங்கினால் நான்கும் ஒரே வயரில்தான் தொங்குகின்றன. பெட்டியைத் திருடினாலும் நான்கும் சேர்ந்தே போகும். வைரஸ் வந்து பூட்டினால் பூட்டிய ஃபைல்களை ரெய்டு பத்திரமாகப் பாதுகாத்து வைத்திருக்கும்.

பாரிட்டி, அதாவது செத்த டிஸ்க்கை மீட்க ரெய்டு 5 எழுதி வைக்கும் குறிப்பு, எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் விளங்கிவிடும். ஒத்தையா ரெட்டையா ஆட்டம்தான். மூன்று பேர் கையில் புளியங்கொட்டை. மூன்று கையையும் கூட்டினால் ஒற்றையா இரட்டையா என்று நாலாவது ஆள் குறித்து வைத்துக்கொள்கிறான். ஒருவன் எழுந்து போய்விட்டால், மற்ற இருவர் கையையும் விரித்து எண்ணி, குறிப்பையும் பார்த்தால் போனவன் கையில் ஒற்றை இருந்ததா இரட்டை இருந்ததா என்று சொல்லிவிடலாம். டிஸ்க்கில் ஒவ்வொரு பிட்டுக்கும் இதே கணக்கு. இரண்டு பேர் எழுந்து போனால் ஒன்றும் சொல்ல முடியாது. மீதி இருப்பவர்கள் ஒருவர் விடாமல் கையை விரித்தே ஆக வேண்டும் என்பதையும் கவனியுங்கள். ஒரு டிஸ்க்கை மீட்க மற்ற மூன்றையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும்.

என் யோசனை: இரண்டிரண்டாக இரண்டு மிரர், அதாவது ஜோடியில் உள்ள இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டா. 16 டிபி கிடைக்கும். ஒன்று செத்தால் அதன் ஜோடியை மட்டும் படித்தால் போதும். நொடிக்கு 150 எம்பி சராசரி வேகத்தில் 8 டிபி படிக்க ஏறத்தாழ 15 மணி நேரம்.

5.5.2025, காரைக்குடி

ரெய்டு 5 ஏன் வேண்டாம் என்பதற்குக் கணக்கு. சாதாரண டிஸ்க்கின் விவரத் தாளில், 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒரு படிக்க முடியாத பிழை என்று போட்டிருக்கும். அது 12.5 டிபி. மூன்று 8 டிபி டிஸ்க்கையும் முழுக்கப் படித்தால் 24 டிபி. அப்படியென்றால் மீட்கும்போது ஏறக்குறைய இரண்டு பிழை வரும். பிழையே இல்லாமல் தப்பிக்க 100-க்கு 15 தான் வாய்ப்பு.

6.5.2025, பள்ளத்தூர்

மேலே உள்ள கணக்கில் பெருக்கல் சரி, முடிவு தப்பு தம்பி. அந்தத் தாளில் இருப்பது “இதைவிட மோசமாக இருக்காது” என்ற உத்தரவாத எல்லை. எப்போதும் அப்படித்தான் நடக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. சரிபார்ப்பது சுலபம். டெபியன் லினக்ஸில் எம்டிஏடிஎம் என்ற ரெய்டு மென்பொருள் போட்டவர்களுக்கு மாதத்தின் முதல் ஞாயிறு தானாக முழுச் சோதனை ஓடும். நான்கு 8 டிபி என்றால் ஒவ்வொரு மாதமும் 32 டிபி படிக்கிறது. அந்தக் கணக்கு நிஜமானால் மாதம் தவறாமல் இரண்டு மூன்று பிழை காட்ட வேண்டும். நல்ல டிஸ்க்குகளில் வருஷக் கணக்கில் பூஜ்யம்தான் காட்டுகிறது. இன்னொன்று, நாஸுக்கென்று (நெட்வொர்க் வழியாக எல்லோருக்கும் ஃபைல் தரும் பெட்டி) வரும் பெரிய டிஸ்க் பலவற்றில் போட்டிருப்பது 15-ஆம் அடுக்கு. அதாவது 125 டிபி.

6.5.2025, காரைக்குடி

பள்ளத்தூர் ஆச்சி சொல்வதே சரி. நேற்றைய குறிப்பில் 15 சதவீதம் என்று போட்டதைத் தள்ளிவிடுங்கள். அந்தக் கணக்கு பல வருஷமாகக் கைமாறிக் கைமாறி வருகிறது, நானும் அப்படியே எடுத்துப் போட்டுவிட்டேன்.

அது விழுந்தாலும் ரெய்டு 5 பற்றிய கவலை முழுதாகத் தீரவில்லை. நிஜமாகக் காலை வாருவது வேறு. ஒரு மூலையில் யாரும் வருஷக் கணக்கில் திறக்காத வீடியோ, அதன் அடியில் ஒரு செக்டர் (டிஸ்க்கின் ஒரு சிறு துண்டு) கெட்டுப்போயிருக்கும். யாருக்கும் தெரியாது. ஒரு டிஸ்க் சாகும், மீட்பு தொடங்கும், அப்போதுதான் அந்தச் செக்டர் முதல்முறையாகத் தலைகாட்டும். மாதச் சோதனை ஓடினால் அது முன்பே தெரிந்து, பாரிட்டி இருக்கும்போதே திருத்தி எழுதப்பட்டிருக்கும். ஆகவே எந்த வகை போட்டாலும் மாதச் சோதனையை நிறுத்தாதீர்கள். மின்வாரியம் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கும் நாளில் மட்டும் அது ஓடாதபடி தள்ளி வையுங்கள்.

மின்சாரம் என்றதும் ஒன்று. எம்டிஏடிஎம் ரெய்டு 5-இல் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டேட்டா புதிது, பாரிட்டி பழையது என்று ஒட்டாமல் நிற்கும். பிறகு ஒரு டிஸ்க் செத்தால் அந்த இடத்தில் பொய்யான டேட்டா மீண்டு வரும். மிரரில் இந்தக் கோளாறு இவ்வளவு ஆழமாகப் போகாது. இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் பழைய இடத்தின்மேல் எழுதுவதில்லை, அதனால் அதில் இந்த ஓட்டையே இல்லை.

9.5.2025, காரைக்குடி

டிஸ்க் வாங்கும் முன் சிஎம்ஆரா (தடங்கள் தனித்தனி) எஸ்எம்ஆரா (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று) என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். எஸ்எம்ஆர் என்றால் என்ன என்று செட்டிநாட்டில் யாருக்கும் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வளவின் (முற்றத்தைச் சுற்றிய பகுதி) கூரை ஓடுகளைப் பாருங்கள். ஒரு வரிசை ஓட்டின் விளிம்பின்மேல் அடுத்த வரிசை ஏறி உட்கார்ந்திருக்கும். அப்படி ஏற்றி அடுக்கினால் அதே இடத்தில் அதிக வரிசை கொள்ளும். நடுவில் ஒரு ஓடு உடைந்தால்? அதை மட்டும் மாற்ற முடியாது. மேலே ஏறி இருப்பதை வரிசையாகப் பிரித்து, உடைந்ததை எடுத்து, புதிதை வைத்து, மறுபடி எல்லாவற்றையும் அடுக்க வேண்டும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் காந்தத் தடங்கள் அப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. ஓர் இடத்தில் திருத்தி எழுத அந்தப் பட்டை முழுவதையும் எடுத்து மறுபடி எழுத வேண்டும்.

கொஞ்சமாக எழுதும்போது இது தெரியாது. டிஸ்க் தன்னிடம் உள்ள சிறு தற்காலிக இடத்தில் வாங்கி வைத்து, ஓய்வு நேரத்தில் அடுக்கிக்கொள்ளும். ரெய்டு மீட்பில் ஓய்வே கிடையாது. மணிக்கணக்கில் எழுத்து வந்துகொண்டே இருக்கும், தற்காலிக இடம் நிரம்பும், வேகம் பத்தில் ஒன்றாக விழும். டிஸ்க் பதில் சொல்லாமல் நிற்க, செத்துவிட்டது என்று எண்ணி ரெய்டு மென்பொருள் அதை அணியிலிருந்து வெளியே தள்ளிவிடும்.

2020 ஏப்ரலில்தான் நாஸ் பெயரில் விற்ற டிஸ்க்கிலேயே எஸ்எம்ஆர் இருப்பது வெளியே வந்தது. அதன் பிறகு டபிள்யூடி நிறுவனம் சிஎம்ஆர் வகைக்கு ரெட் பிளஸ் என்று தனிப்பெயர் வைத்தது. வெறும் ரெட் என்று இருந்தால் எஸ்எம்ஆர். சீகேட்டில் அயர்ன்வுல்ஃப் சிஎம்ஆர். பாராகுடா 8 டிபி எஸ்எம்ஆர், கடையில் விலை குறைவாகக் கண்ணில் படுவது அதுதான்.

9.5.2025, காரைக்குடி

விட்டுப்போனது: நான்கையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காதீர்கள். ஒரே பெட்டியில் வந்தவை ஒரே லாரியில் ஒரே குலுக்கலைத் தாங்கியவை. இரண்டு காரைக்குடியில், இரண்டு மதுரையில் என்று வாங்கினால்கூடப் போதும்.

11.5.2025, காரைக்குடி

டெஸ்க்டாப் டிஸ்க்கை அணியில் போடலாமா என்று தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். போடலாம், ஒன்றைச் சரிசெய்த பிறகு. கெட்ட செக்டரைப் பார்த்ததும் டெஸ்க்டாப் டிஸ்க் விடாமல் மறுபடி மறுபடி முயலும், ஒரு நிமிஷத்துக்கு மேலும் ஆகும். லினக்ஸ் 30 நொடி பொறுக்கும், பிறகு டிஸ்க்கை ரீசெட் செய்யும், அதற்கும் அசையாவிட்டால் வெளியே தள்ளும். ஒரு செக்டர் கெட்டதற்கு முழு டிஸ்க்கும் போய்விடுகிறது. நாஸ் டிஸ்க்கில் 7 நொடியில் கைவிட்டுப் பிழை சொல்லும்படி அமைத்திருப்பார்கள். பாரிட்டியிலிருந்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டு வேலை தொடரும்.

ஸ்மார்ட்சிடிஎல் கருவியில் எஸ்சிடி இஆர்சி மதிப்பைப் (பிழை சொல்லும் முன் டிஸ்க் எவ்வளவு நேரம் முயலும் என்ற எண்) பாருங்கள். 70 என்றால் 7 நொடி. ஏற்றுக்கொள்ளும் டிஸ்க் என்றால் 70 என்று வையுங்கள். பல டிஸ்க்குகள் கரண்ட் போய் வந்ததும் இதை மறந்துவிடும், ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் மறுபடி வைக்கும்படி எழுதி வையுங்கள். ஏற்காத டிஸ்க் என்றால் லினக்ஸின் 30 நொடியை 180 ஆக்கிவிடுங்கள்.

14.5.2025, காரைக்குடி

பத்து நாளாக எந்த ரெய்டு என்று பேசுகிறோம், முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்யவில்லை. எவ்வளவு டேட்டா?

மினிடிவி ஒரு மணி நேரம் 13 ஜிபி. 160 கேசட், 2.08 டிபி. விஎச்எஸ் 60 கேசட், 120 மணி நேரம். இழப்பில்லாத எஃப்எஃப்வி1 வடிவில் பிடித்தால் மணிக்கு 30 ஜிபி அளவில் வரும், 3.6 டிபி. போட்டோ நாலுக்கு ஆறு அங்குலம், 600 டிபிஐ, வண்ணம்: 2400-ஐ 3600-ஆல் பெருக்கி, பிக்சலுக்கு 3 பைட், ஒரு படம் 26 எம்பி. பத்தாயிரம் படம், 0.26 டிபி. விசேஷ வீடியோ நொடிக்கு 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி. 30 மணி நேரம், 1.35 டிபி. சினிமா 3 டிபி.

மொத்தம் 10.3 டிபி. இதில் மறுபடி கிடைக்கவே கிடைக்காதது சினிமாவைக் கழித்த மீதி: 7.29 டிபி.

இந்த எண்ணைப் பார்த்ததும் நான் 4-ஆம் தேதி சொன்னதை மாற்றுகிறேன். இரண்டு மிரர் வேண்டாம். மீள முடியாத குடும்பச் சொத்து முழுவதும் ஒரே ஒரு 8 டிபி டிஸ்க்கில் அடங்குகிறது. அப்படியானால் நான்காவது டிஸ்க் பெட்டிக்குள்ளேயே இருக்கக் கூடாது. அது சென்னையில் இருக்க வேண்டும். மூன்று டிஸ்க் தேவகோட்டையில், ஒன்று சென்னையில். செலவு அதே செலவுதான். பெட்டிக்குள் நான்காவதாக இருந்தால் இன்னொரு டிஸ்க் சாவதிலிருந்து காப்பாற்றும், அவ்வளவுதான். சென்னையில் இருந்தால் இடி, திருட்டு, கை தவறல், வைரஸ், தீ எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றும்.

14.5.2025, தேவகோட்டை

அண்ணே, விளங்கியது. பெட்டியில் உள்ள மூன்றை என்ன செய்வது? மூன்றில் ரெய்டு 5 போட்டால் 16 டிபி வருமே? கம்ப்யூட்டரில் 8 டிபி டிஸ்க் 7.27 என்றுதான் காட்டுமாம், 7.29 எப்படி அடங்கும்?

15.5.2025, காரைக்குடி

கடைசிக் கேள்வி முதலில். டிஸ்க் விற்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. இரண்டும் ஒரே டிஸ்க். நான் போட்டது ஆயிரத்துக் கணக்கு. 8-க்கு 7.29, அடங்கும், 9 சதவீதம் மீதி. நெருக்கம்தான். அடுத்த இரண்டு கல்யாணத்துக்குள் சென்னை டிஸ்க்கைப் பெரிதாக மாற்ற வேண்டியிருக்கும். இப்போதே அது ஒன்றை மட்டும் 12 டிபி-யாக வாங்கினாலும் தப்பில்லை.

மூன்றுக்கு ஸ்னாப்ரெய்டு என்ற மென்பொருள். இந்த டேட்டாவின் குணத்தைப் பாருங்கள். ஒரு முறை எழுதினால் எழுதினதுதான், பிறகு பார்ப்பது மட்டுமே. நொடிக்கு நொடி பாரிட்டி கணக்கிட என்ன அவசியம்? ஸ்னாப்ரெய்டில் இரண்டு டிஸ்க்கில் சாதாரண ஃபைல்களாகவே இருக்கும், மூன்றாவதில் பாரிட்டி. ராத்திரி ஒரு முறை சிங்க் (பாரிட்டியைப் புதுப்பிக்கும் கட்டளை) ஓடினால் போதும். 16 டிபி இடம். ரெய்டு 5-உம் 16 தான் தரும். வித்தியாசம் கெட்ட நாளில் தெரியும். மூன்றில் இரண்டு ஒன்றாகச் செத்தால் ரெய்டு 5-இல் முதலுக்கே மோசம். ஸ்னாப்ரெய்டில் சாகாத டேட்டா டிஸ்க்கில் இருந்தது அப்படியே இருக்கும், எந்த லினக்ஸ் கம்ப்யூட்டரில் சொருகினாலும் திறக்கும். படம் பார்க்கும்போது அந்த ஒரு டிஸ்க் மட்டும் சுற்றினால் போதும் என்பது கூடுதல் லாபம்.

செய்முறை: மூன்றையும் எக்ஸ்ட்4-இல் ஃபார்மட் செய்யுங்கள். பாரிட்டி டிஸ்க் மற்ற எந்த டிஸ்க்கையும்விடச் சிறியதாக இருக்கக் கூடாது. சம அளவு என்றால் டேட்டா டிஸ்க்கை விளிம்புவரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் பாரிட்டி ஃபைலுக்கு இடம் தட்டும். கன்டென்ட் ஃபைல் (எந்த ஃபைல் எங்கே என்ற ஸ்னாப்ரெய்டின் பட்டியல்) குறைந்தது இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். சிஸ்டம் எஸ்எஸ்டியில் ஒன்று, ஒவ்வொரு டேட்டா டிஸ்க்கிலும் ஒன்று என்று வையுங்கள். குடும்ப டேட்டா ஒரு டிஸ்க், சினிமா இன்னொரு டிஸ்க். டிவிக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிய மெர்ஜர்எஃப்எஸ்.

ராத்திரி சிங்க் ஓடும் ஸ்கிரிப்டில் ஒரு காவல் கட்டாயம் வேண்டும். முதலில் டிஃப் (மாற்றங்களைப் பட்டியலிடும் கட்டளை) ஓடட்டும். அழிந்த ஃபைல் 50-க்கு மேல் என்றால் சிங்க் ஓடாமல் நின்று உங்களுக்கு மெயில் அனுப்பட்டும். சிங்க் ஓடாத வரைக்கும் அழிந்ததை ஃபிக்ஸ் கட்டளையால் மீட்கலாம். சிங்க் ஓடிவிட்டால் அந்த அழிவையே பாரிட்டியும் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ஸ்க்ரப்பை (டேட்டா கெட்டிருக்கிறதா என்று படித்துப் பார்க்கும் சோதனை) வாரம் ஒரு முறை வையுங்கள். எதுவும் மாற்றாமல் விட்டால் ஒரு தடவைக்கு 8 சதவீதம் பார்க்கும், ஏறத்தாழ மூன்று மாதத்தில் முழுச் சுற்று முடியும்.

16.5.2025, பள்ளத்தூர்

ஸ்னாப்ரெய்டுக்கு ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். இன்று சேர்த்த ஃபைலுக்கு ராத்திரி சிங்க் ஓடும்வரை பாதுகாப்பு இல்லை. கேசட் பிடித்த கையோடு கம்ப்யூட்டரில் இருந்த மூலப் பிரதியை அழித்துவிடக் கூடாது. அதைவிட முக்கியமானது: இரண்டு சிங்க்குக்கு நடுவில் ஒரு டிஸ்க்கில் ஃபைலை அழித்தோ மாற்றியோ இருக்கும்போது இன்னொரு டிஸ்க் செத்தால், அதே பாரிட்டி வரிசையில் இருந்த செத்த டிஸ்க் ஃபைலும் சேர்ந்து போகும். ஆட்டம் நடுவில் ஒருவன் கையில் இருந்த கொட்டையை மாற்றிவிட்டால் பழைய குறிப்புக்கு மதிப்பேது? எடிட்டிங் வேலை நடக்கும் ஃபோல்டரை அதில் வைக்கவே கூடாது.

என் கை இசட்எஃப்எஸ் பக்கம்தான் போகும். ஒவ்வொரு ப்ளாக்குக்கும் செக்சம் (சரிபார்ப்பு எண்), ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு), கெட்டால் எந்த ஃபைல் என்று பெயர் சொல்லும். ரெய்ட்இசட்-இல் (இசட்எஃப்எஸ்-இன் பாரிட்டி அணி) ஒவ்வொரு டிஸ்க்காகச் சேர்க்க முடியாது என்ற குறையும் 2025 ஜனவரியில் வந்த ஓபன்இசட்எஃப்எஸ் 2.3-இல் தீர்ந்தது.

16.5.2025, காரைக்குடி

எச்சரிக்கை இரண்டும் முழுச் சரி ஆச்சி. எடிட்டிங் ஃபோல்டரை எஸ்எஸ்டியில் வைத்து, வேலை முடிந்த பிறகு உள்ளே தள்ளட்டும்.

இசட்எஃப்எஸ் 2.3 விரிவாக்கத்தில் ஒன்று: டிஸ்க் சேர்த்த பிறகு பழைய டேட்டா பழைய விகிதத்திலேயே கிடக்கும். மறுபடி எழுதினால்தான் புதிய விகிதத்துக்கு வரும். இடம் கணக்கைவிடக் குறைவாகத் தெரிந்தால் அதுதான் காரணம். இசட்எஃப்எஸ் போடுகிறவர்கள் ஆஷிஃப்ட் (செக்டர் அளவைச் சொல்லும் எண்) 12 என்று ஆரம்பத்திலேயே வையுங்கள், பிறகு மாற்ற முடியாது. வீடியோ இருக்கும் டேட்டாசெட்டுக்கு ரெக்கார்டு சைஸ் 1 எம்பி.

செக்சம் ஸ்னாப்ரெய்டிலும் உண்டு, ஸ்க்ரப் போன்ற கட்டளை ஓடும்போது மட்டும் பார்க்கும். பங்காளிகள் நான்கு பேர் தினமும் எழுதும் பெட்டி என்றால் ஆச்சி சொல்வதையே நானும் சொல்வேன். விசேஷத்துக்கு விசேஷம் நிரம்புகிற பெட்டிக்கு, பெட்டியே செத்தாலும் டிஸ்க்கை உருவி யார் வீட்டிலும் திறக்கலாம் என்பது பெரிய விஷயம். இருபது வருஷம் கழித்து அதைத் திறக்கப்போகிறவர் இதையெல்லாம் படித்திருக்க மாட்டார்.

20.5.2025, காரைக்குடி

கரண்ட். பழைய வீட்டில் இதுதான் டிஸ்க்கைவிட முன்னால் பார்க்க வேண்டியது.

பழைய வயரிங்கில் பல இடத்தில் இரண்டு பின் பாயின்ட்தான், எர்த் இருக்காது. மூன்று பின் சாக்கெட் இருந்தாலும் பின்னால் எர்த் வயர் இணைந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். எர்த் இல்லாவிட்டால் பெட்டியின் தகடு சுர்ரென்று கையைக் கடிக்கும், சர்ஜ் ப்ரொடெக்டர் பெயரளவில்தான் இருக்கும்.

இன்வெர்ட்டர் இருக்கிறது, யுபிஎஸ் எதற்கு என்பார்கள். இன்வெர்ட்டர் மாறும் நேரத்தில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகலாம். பின்பக்கம் யுபிஎஸ் நிலை என்று சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள பவர் சப்ளை முரண்டு பிடிக்கும், ப்யூர் சைன் வேவ் வேண்டும். எப்படி இருந்தாலும் பேட்டரி நிலையை யுஎஸ்பி வழியாகச் சொல்லும் 600 விஏ யுபிஎஸ் ஒன்று நடுவில் இருக்கட்டும். பேட்டரி இறங்கும் முன் பெட்டி தானாக ஷட்டவுன் ஆகும்படி நட் என்ற மென்பொருளில் அமைக்கலாம்.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர், மூன்று டிஸ்க் என்றால் சும்மா இருக்கும்போது 40 வாட் அளவில் இழுக்கும். நாளுக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு, இரண்டு மாத பில்லில் 58 யூனிட்.

இடம்: அடுப்பங்கட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு ஃபேனில் ஒட்டித் தூசியைக் கட்டியாக்கும். முற்றத்து ஓரம் சாரல் அடிக்கும். சுண்ணாம்புச் சுவர் உள்ள உள்ளறை குளிர்ச்சிதான், ஆனால் கதவைச் சாத்திவிட்டால் சூடு உள்ளேயே நிற்கும். டிஸ்க் 60 டிகிரி தாங்கும் என்று தாளில் இருந்தாலும் மே மாதத்தில் 45-ஐத் தாண்டவிடாதீர்கள். முன்பக்கம் 120 மிமீ ஃபேன் ஒன்று டிஸ்க்கின் மேலேயே அடிக்கட்டும்.

பின்பக்கம் காலியாக உள்ள ஸ்லாட்டுக்கெல்லாம் தகடு மாட்டுங்கள். கதகதப்புக்குப் பல்லி உள்ளே போகும், பவர் சப்ளைக்குள் இரண்டு முனைக்கு நடுவில் அகப்பட்டால் அதுவும் போச்சு, பவர் சப்ளையும் போச்சு.

23.5.2025, காரைக்குடி

இரண்டாம் கட்டிலிருந்து முகப்புக்கு வைஃபை போகாது. ஒன்றரை அடிச் சுவர் இரண்டு மூன்றைத் தாண்ட வேண்டும். கேட்6 கேபிள் ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரை போகலாம், தெருவுக்குத் தெரு நீளும் வீட்டுக்கே போதும். சுவரைக் குடையாமல் வளவு உத்தரத்தின் மேல்பக்கமாகக் கொண்டுபோங்கள். எலி வரும் இடத்தில் பிவிசி பைப்புக்குள் விடுங்கள்.

வேகத்துக்காக ரெய்டு என்ற பேச்சு இங்கே எடுபடாது. ஜிகாபிட் லேன் நொடிக்கு 110 எம்பி சொச்சம்தான் தரும். ஒற்றை டிஸ்க்கே அதைத் தாண்டும். 4கே விசேஷ வீடியோ கேட்பது நொடிக்கு 12.5 எம்பி.

2.6.2025, காரைக்குடி

டிஸ்க் வந்ததும் டேட்டா ஏற்றாதீர்கள். பேட்ப்ளாக்ஸ் கருவியில் எழுதிப் படிக்கும் சோதனை, நான்கு முறை எழுதி நான்கு முறை படிக்கும். 8 டிபி-க்கு ஐந்து நாள் ஆகும். டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழியும், வெறும் டிஸ்க்கில் மட்டுமே ஓட்டுங்கள். ப்ளாக் அளவை 4096 என்று கொடுங்கள், இல்லாவிட்டால் பெரிய டிஸ்க்கில் எண் அடங்காமல் ஆரம்பத்திலேயே நின்றுவிடும். மூன்று டிஸ்க்கையும் ஒரே நேரத்தில் ஓட்டலாம்.

முடிந்ததும் ஸ்மார்ட் பட்டியலில் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதியும் பட்டியல்) கெட்ட செக்டர்களைச் சொல்லும் 5, 197, 198 மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்று இருந்தாலும் கடைக்குத் திருப்புங்கள். ஓடிய நேரத்தையும் பாருங்கள். ஓடிய டிஸ்க்கின் கணக்கைப் பூஜ்யமாக்கிப் புதிதென்று விற்றது 2025 தொடக்கத்தில் செய்தியானது. சீகேட்டில் ஃபார்ம் என்று தனிப் பதிவு உண்டு, ஸ்மார்ட்சிடிஎல் 7.4 முதல் அதையும் காட்டும். இரண்டு எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.

யுஎஸ்பி பெட்டியை உடைத்து எடுத்த டிஸ்க் சில சமயம் சுற்றவே சுற்றாது. செத்தது என்று நினைக்காதீர்கள். சாட்டா பவர் வரிசையில் மூன்றாவது பின் புதிய முறையில் “அணை” என்ற சைகைக்கு ஒதுக்கப்பட்டது. பழைய பவர் சப்ளை அதில் 3.3 வோல்ட் அனுப்பினால் டிஸ்க் அணைந்தே இருக்கும். முதல் மூன்று பின்னையும் மறைத்துக் சூடு தாங்கும் கேப்டான் டேப் ஒட்டினால் சுற்றும். டேப் நாலாவது பின்மேல் ஏறாமல் பார்த்து ஒட்டுங்கள். மோலக்ஸிலிருந்து (பழைய நான்கு பின் பவர் இணைப்பு) மாற்றும் கேபிள் போடுவதானால் வார்ப்பு வகை வேண்டாம். உள்ளே வயர்கள் ஒட்டிப் புகைந்து தீப்பிடிக்கலாம். கிரிம்ப் செய்த வகை வாங்குங்கள்.

8.6.2025, காரைக்குடி

சென்னை டிஸ்க். வீட்டு இணைப்பு மேலே அனுப்பும் வேகம் 50 மெகாபிட் என்றால் 7.29 டிபி அனுப்ப 13 நாளுக்கு மேல் இடைவிடாமல் ஓட வேண்டும். முதல் பிரதியைக் கையில் கொண்டுபோங்கள். ஆன்டிஸ்டாட்டிக் உறை, சுற்றிலும் ஸ்பாஞ்சு, கைப்பையில். பல்லவன் ரயிலில் காலையில் ஏறினால் மத்தியானம் சென்னை. சீட்டுக்கடியில் உதறல் அதிகம், மடியில் வையுங்கள். பிறகு புதிதாகச் சேர்வது மட்டும் ஆர்சிங்க் என்ற காப்பி கருவி வழியாக இணையத்தில் போகட்டும். ஒரு மணி நேர 4கே வீடியோ 45 ஜிபி, அனுப்ப 2 மணி நேரம். அழிந்ததை அங்கேயும் அழிக்கும் டெலீட் விருப்பத்தைப் போடாதீர்கள்.

லக்ஸ் முறையில் பூட்டி அனுப்புவதானால் கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி, நகை இருக்கும் லாக்கரில் வையுங்கள். ஒருவர் நினைவை மட்டும் நம்பக் கூடாது.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்கள் இன்று நமக்குக் கிடைப்பது எதனால்? அவர் 1992-இல் மறைந்தார். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் உதவியோடு தொகுப்பு சென்னைக்குப் போய் நூலகமானது, தாள்கள் மைக்ரோஃபிலிமில் ஏறின. வேறு ஊர், வேறு ஊடகம், பட்டியல் போட ஆள். நம் வீட்டுக் கேசட்டுக்கும் பட்டியல் வேண்டும். ஃபைல் பெயரிலேயே வருஷம், விசேஷம், ஊர், எந்த வீட்டுப் புள்ளி (எந்தக் குடும்பம்) என்று எழுதுங்கள். படத்தில் இருப்பவர்களைப் பெயர் சொல்லக்கூடிய ஆயா இருக்கும்போதே உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள். எந்தப் பாரிட்டியாலும் அந்தப் பெயர்களை மீட்க முடியாது.

21.6.2025, தேவகோட்டை

அண்ணே, மூன்று டிஸ்க் சோதனை முடிந்தது. 5, 197, 198 எல்லாம் பூஜ்யம். ஒரு டிஸ்க்கில் மட்டும் 199 என்ற எண் 36 காட்டுகிறது. கடைக்குத் திருப்பவா?

21.6.2025, காரைக்குடி

வேண்டாம். 199 கேபிளில் டேட்டா சிதைந்ததன் எண்ணிக்கை. டிஸ்க் தட்டில் கோளாறு இல்லை. ஷட்டவுன் செய்து, அந்தச் சாட்டா கேபிளை எடுத்துவிட்டு, கிளிப் உள்ள வேறு கேபிளைக் கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். கதவு மூடும்போது கேபிள் மடங்கி இழுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். 36 எப்போதும் பூஜ்யத்துக்குத் திரும்பாது, அதை எழுதி வைத்துக்கொண்டு 200 ஜிபி காப்பி செய்யுங்கள். 36 அப்படியே நின்றால் கேபிள்தான். ஏறினால் மதர்போர்டில் வேறு போர்ட்டில் மாற்றிச் சொருகிப் பாருங்கள்.

டேட்டா ஏற்றி முதல் சிங்க் முடிந்த மறுநாள், போனால் பரவாயில்லை என்ற ஒரு சினிமாவை வேண்டுமென்றே அழித்து ஃபிக்ஸ் கட்டளையால் மீட்டுப் பாருங்கள். சென்னை டிஸ்க்கை அனுப்பும் முன், அதை வேறு ஒரு லேப்டாப்பில் சொருகி, காகிதத்தில் எழுதிய கடவுச்சொல்லை வேறொருவர் கையால் அடித்துத் திறக்கச் சொல்லுங்கள்.

22.6.2025, தேவகோட்டை

கேபிள் மாற்றி 200 ஜிபி ஓட்டினேன். 36-லேயே நிற்கிறது.